தூக்குக்குண்டும் ஒரு சாவியும்

வெள்ளக்கல் தோட்டத்தில் கஜலட்சுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. நேரில் கண்டால் அம்மா. அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் தொரசாணி. அவள் தோட்டம் நடத்துகிற எந்தத் துரைக்கும் வாழ்க்கைப்பட்டவள் அல்ல, யாருக்குமே வாழ்க்கைப்பட்டதில்லை. ஆனால் ஹேவாஹெட்ட ரோட்டுக்கு மேலே, ஒரு காலத்தில் சின்னத்துரைமார் குடியிருந்து பிறகு பாழடைந்து கிடந்த பங்களாவை வாங்கித் திருத்திக் குடிவந்திருந்தாள். பங்களாவில் இருக்கிற பொம்பளை தொரசாணிதானே.

அவள் வந்த புதிதில், கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயங்களில் குடியிருந்த தோட்டத்துச் சனங்கள் மேலே ஏறி வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி கொய்யாப்பழம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஒரு பை போஞ்சிக்காய் கொண்டுவந்தாள். கூடவே மடித்து வைத்த சாதகக் குறிப்பும் வந்தது. வெளிநாட்டில் நட்சத்திரம் பார்க்கிற வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்து நட்சத்திரம் பார்ப்பது என்றால் ஒன்றுதான்.

"எங்க டிலானிக்கு எட்டுல செவ்வாயின்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவ பாத்துச் சொன்னா மனசு ஆறிப்போகும்," என்றாள் பாலம்மா. கீழ் லயத்துத் தலைவர் கறுப்பையாவின் மனைவி அவள்.

"எனக்குச் சாதகம் பாக்கத் தெரியாதும்மா. செவ்வாய் எங்க இருக்குன்னு காட்டுவேன். அது உங்க மகளுக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

பாலம்மா அவள் முகத்தையே பார்த்தாள். தெரிந்துகொண்டே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். போஞ்சிக்காய்ப் பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். சேதி லயம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கஜலட்சுமியும் கீழே போகவில்லை. என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவது?

அவள் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்காரி. அப்பா சேதுராமன் பாலத்துக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணிக்கும் பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் எஞ்சினியரானது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அப்பா மிச்சக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குக் கப்பலேறினார். கஜலட்சுமி தனக்குக் கிடைத்த புலமைப்பரிசிலைப் பிடித்துக்கொண்டு மேல்நாட்டுக்குப் போனாள்.

போன இடத்தில்தான் அந்த வேலை கிடைத்தது. தென்னமெரிக்காவில், மழை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மலையுச்சியில் பெரிய தொலைநோக்கி ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். அது உட்கார்ந்து திரும்புகிற பீடத்தை வரைந்து தர ஆள் வேண்டும். ஒரு வீட்டுப் பாரமுள்ள இரும்பு, பூனை நடக்கிற மாதிரித் திரும்ப வேண்டும். திரும்பி நின்ற பிறகு மயிரிழை அசையக் கூடாது. அவள் வரைந்த பீடம் அசையாமல் நின்றது. அது சரியாக நிற்கிறதா என்று சோதிப்பதற்காகத் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தவள், நாளாக ஆகப் பார்ப்பதற்காகவே பார்க்கத் தொடங்கினாள். ஒன்றையொன்று சுற்றிவரும் சோடி நட்சத்திரங்களை அளப்பது அவளுடைய துறையானது. ஒரு சுற்றுச் சுற்றி முடிய மனுச ஆயுள் போதாத சோடிகள் உண்டு. முன்னால் யாரோ அளந்து விட்ட இடத்திலிருந்து தான் தொடர்ந்து, பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போகிற வேலை. அதில் அவளுக்குச் சலிப்பே தட்டவில்லை. அவளுடைய பெயர் போட்ட கட்டுரைகளை உலகத்தில் ஒரு கைப்பிடிப் பேர் படித்தார்கள். கலியாணம் பேசிப் பேசிக் கடிதம் போட்ட அம்மாவும் ஒருநாள் போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்னமே போயிருந்தார். ஓய்வு பெற்ற அன்று, எங்கே போகப் போகிறாய் என்று சிநேகிதர்கள் கேட்டபோது "கண்டிக்கு" என்று வாயில் வந்துவிட்டது. வந்து இறங்கிய பிறகுதான், கண்டியில் தனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறைத்தது.

மலைநாட்டு வானத்தை நம்பி நட்சத்திரம் பார்க்க முடியாது. மேகம் விலகினால் பனி, பனி விலகினால் மழை. அதனால் அவள் சூரியனைப் பிடித்துக்கொண்டாள். பங்களாவின் பெரிய கூடமான ஹோலின் கூரையில் சின்னதாக ஒரு துளை போட்டாள். அதன் வழியாக வருகிற வெயில் தரையில் ஒரு வட்டமாக விழும். காலையில் மேற்குச் சுவரில் இருக்கிற வட்டம் மெல்ல இறங்கி, தரையில் ஊர்ந்து, சரியாக உச்சிவேளையில் ஒரு பித்தளைக் கோட்டைத் தாண்டும். வடக்குத் தெற்காக அந்தக் கோட்டை அவளே அளந்து பதித்திருந்தாள். பித்தளைப் பட்டியை ஏற்றிக்கொண்டு வந்தவர் பவாஸ். எரிந்துபோன சேதுராமன் கடை இருந்த இடத்தில் இப்போது ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்.

"எனத்துக்கு மிஸ் இது?" என்று கேட்டார் பவாஸ்.

"மணி பாக்க."

"கையில மணிக்கூடு கட்டி இருக்கிறீங்களே!"

அவள் சிரித்தாள். சொல்லிப் புரியவைக்க முடியாமல் இல்லை. ஆனால் அந்த வட்டம் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் தட்டில் சோறு போடுவாள் என்பதை எப்படிச் சொல்வது? சாப்பிட வா என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் சூரியன் வந்து கூப்பிட்டது. அவ்வளவுதான் விசயம்.

ஒரு வருசம் மழை ஓய்ந்த பிறகு வட்டம் பிந்தி வர ஆரம்பித்தது. கோட்டை எப்போது தொடும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருப்பாள், அது தொடாது. கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் தொடும். முதலில் கண்ணைச் சந்தேகப்பட்டாள். கண்டிக்குப் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தாள். பிறகு கணக்கைச் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். பிழை தன்னிடம்தான் இருக்க வேண்டும், வயது போய்விட்டது என்று முடிவுகட்டிச் சில நாள் ஹோல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியிலேயே இருந்தாள். அந்த நாட்கள் அவளுக்கு மிகவும் மோசமான நாட்கள். தன் மேலேயே நம்பிக்கை போய்விட்ட ஆளுக்குப் பேச்சுத் துணையும் இல்லையென்றால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது!

கடைசியில் எஞ்சினியர் புத்திதான் கை கொடுத்தது. கூரைத் துளைக்கு நேர் கீழே தரையில், பட்டி பதித்த நாளிலேயே ஒரு சின்ன ஆணி அடித்து வைத்திருந்தாள். மேசன்மார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டை எடுத்து, துளையிலிருந்து தொங்கவிட்டாள். குண்டு ஆடி ஆடி ஓய்ந்து நின்றபோது அதன் முனை ஆணிக்கு மேல் நிற்கவில்லை. பள்ளத்தாக்குப் பக்கமாக ஒரு விரல் தள்ளி நின்றது.

அவளுடைய கண்ணில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. வீடு சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டைத் தாங்கிய மலை நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, நிம்மதி. அதை நினைத்து அவள் பின்னாளில் பல தடவை கூசிப்போனாள்.

கண்டியில் மண்சரிவைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு அறிவித்தாள். மரியாதையான ஒரு சிங்களப் பெண் அதிகாரி வந்து, வாசலில் ஓடிய வெடிப்பையும் குண்டையும் பார்த்தாள். "இந்தச் சரிவு எங்கள் வரைபடத்தில் எப்போதோ சிவப்பு, மிஸ். லயத்துச் சனங்களை வேறு இடத்துக்கு எழுப்ப வேண்டும் என்று தோட்டத்துக்குச் சொல்லியாயிற்று. காணி கொடுத்தால்தானே எழுப்பலாம்? நீங்களாவது சீக்கிரம் போய்விடுங்கள்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, இன்னும் பார்க்க வேண்டிய மலைகள் இருக்கின்றன என்று ஜீப்பில் ஏறினாள்.

கஜலட்சுமி போகவில்லை. இன்னும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம், மழைக்காலம் வரட்டும், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரியட்டும் என்று இருந்தாள். ஒரு சோடி நட்சத்திரத்துக்குப் பத்து வருசம் காத்திருக்கப் பழகிய மனசு அது.

கார்த்திகையில் புயல் வந்தது. மழை பெய்தது என்று சொன்னால் போதாது. வானத்துக்கும் தேயிலைக்கும் இடையில் வெளி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சூரிய வட்டம் வரவே இல்லை. குண்டு மட்டும்தான் துணை. ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது, இரவு படுக்கப் போகும்போது நின்ற இடத்திலிருந்து அது ஒரு சாண் நகர்ந்திருந்தது. கஜலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். துளை, கோடு, குண்டு, சாய்வு. எளிமையாகச் சொல்ல வேண்டும். பயமுறுத்தக் கூடாது.

கறுப்பையா தன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் குந்தி, வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து தலையில் போட்டிருந்த நீலப் பொலித்தீனைச் சரிசெய்தார். அவள் சொல்லத் தொடங்கி முழுதாக ஒரு வசனம் முடிக்கவில்லை.

"தெரியும்மா," என்றார் கறுப்பையா. "உள்ள வந்து பாருங்க. காம்பரா தரையில கை நுழையிற அளவுக்கு வெடிச்சிருக்கு. பீலியில விழுற ஊத்துத் தண்ணி நேத்துலருந்து செம்மண்ணா வருது. மல எறங்கப் போகுதுன்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா இங்க இருக்கீங்க?"

"எங்க போறது? அதச் சொல்லுங்க."

அவள் குடையைச் சாய்த்து லயத்து வரிசையைப் பார்த்தாள்.

"போன மழைக்கு இஸ்கூலுக்குப் போனோம். அது இதவிட மோசமான சரிவுல நிக்கிது. கோயிலுக்குப் போனா கூரையில பாதி இல்ல. டவுனுக்குப் போகலாம்னா ரோட்டுல மண்ணு விழுந்து பஸ் நின்னுபோச்சு. மழ விட்டதும் திரும்பி இதே காம்பராவுக்குத்தான் வரணும். அதான் இருக்கோம்." கோபமாகச் சொல்லவில்லை அவர். விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

ஒரு வருசமாக அவள் அளந்த அளவெல்லாம் இந்த மனிதருக்குத் தேவைப்படவே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கூரை. கஜலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மழைக்குள்ளே, எதிர்ப்பக்கத்து மேட்டில், பழைய ஸ்டோர் மங்கலாகத் தெரிந்தது. கொழுந்தை வெளித் தொழிற்சாலைக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு மூடிப்போட்ட தேயிலைத் தொழிற்சாலை. முழு வெள்ளைப் பாறைக்கு மேல் கட்டியது. அதுதான் இந்தத் தோட்டத்துக்கே வெள்ளக்கல் என்று பெயர் கொடுத்த கல்.

"ஸ்டோர் இருக்கே, தலைவர்?"

"பூட்டியில்ல கெடக்கு. தொரகிட்ட கேட்டோம். கம்பெனியக் கேக்கணும்னாரு. கம்பெனி யாரக் கேக்கணுமோ."

அவள் துரைக்கு டெலிபோன் எடுத்தாள். மேட்டில் ஏறி நின்று எடுத்தபோது ஒருதரம் கிடைத்தது. சாவி தன்னிடம் இல்லை என்றார். உள்ளே பழைய மெசின்கள் இருக்கின்றன, யாருக்காவது ஏதாவது ஆனால் தன் தலைக்குத்தான் வரும் என்றார். "மேடம், நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை," என்றார். அத்தோடு இணைப்பு அறுந்தது.

பங்களாவுக்கு ஓடிப்போய் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பையா ஸ்டோர் வாசலில் அவளுக்காக நின்றார். அவள் வாளை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"நா அறுத்தா களவு, அம்மா. பொலிசு வரும். நீங்க அறுத்தா யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் அதில் பொய்யில்லை. தொரசாணி என்று அவளைத் தள்ளி வைத்த அதே பேர் இன்றைக்கு ஒரு காரியத்துக்கு உதவட்டும் என்று பூட்டில் வாளை வைத்தாள். கறுப்பையா பூட்டை அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பூட்டு அறுந்து விழுந்ததும் அவர் கதவைத் தோளால் தள்ளினார்.

மாலைக்குள் இரண்டு லயமும் ஏறி வந்துவிட்டது. மூட்டை முடிச்சு, பொலித்தீனில் சுற்றிய டீவி, கூடைக்குள் கோழி, கைப்பிள்ளைகள். பழைய தேயிலைத் தூளின் மணம் சுவரில் இன்னமும் ஒட்டியிருந்தது. அன்று இரவு கஜலட்சுமியும் அங்கேதான் இருந்தாள். யாரோ ஒரு பாயை விரித்துக் கொடுத்தார்கள். சுற்றிலும் இருமலும் குழந்தை அழுகையும் குசுகுசுப் பேச்சும். இந்த நாட்டுக்குத் திரும்பி வந்த பிறகு இத்தனை மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் அவள் படுத்ததே இல்லை.

விடிந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. பாலம்மா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்பையா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? அவ்வளவு வருசமா வானத்துல என்னதான் பாத்தீங்க?"

"சோடி நட்சத்திரம். ரெண்டு இருக்கும். ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும்."

"கிட்டக்க வந்து ஒட்டிக்கிறாதா?"

"அநேகமா ஒட்டாது."

"விட்டுட்டும் போகாதா?"

"போகாது. போக ஏலாது."

கறுப்பையா கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பாலம்மாவைக் கண்ணால் காட்டி, "இதப் பாக்கவா அத்தாந்தூரம் போனீங்க? எங்க காம்பராவுலயே பாத்திருக்கலாமே," என்றார்.

கஜலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது. பாலம்மா திரும்பி, என்ன என்று கேட்டாள். கறுப்பையா ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார்.

சற்றுப் பொறுத்து பாலம்மாவுக்குத் தலை சுற்றியது. பிரசர் மாத்திரை சாமிப்படத் தட்டிலேயே கிடந்துவிட்டது. நேற்றும் போடவில்லை.

"நா போய் எடுத்தாந்துர்றேன்," என்று கறுப்பையா எழுந்தார்.

"வேணாம் தலைவர்," என்றாள் கஜலட்சுமி. "மழ விட்டாலும் ஆபத்து விடாது. தண்ணி உள்ள இறங்குறதுக்கு நேரம் எடுக்கும். இனித்தான் பயம்."

"மாத்திரை இல்லாட்டி இவளுக்கு இழுத்துக்கிரும்மா. ரெண்டு வருசத்துக்கு முந்தி அப்புடித்தான் கை வெளங்காமப் போச்சு. ஓடிப்போய் ஓடியாந்துருவேன்."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். பிடித்து நிறுத்தவில்லை. ஒரு மனிதரின் கையைப் பிடித்து நிறுத்துகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டோரின் மேல்தட்டுச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பொலித்தீன் தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்கிப் போவது தெரிந்தது. லயத்து வாசலில் ஒருகணம் நின்றது. உள்ளே போனது. அப்போது மலையிலிருந்து, மரத்தை வேரோடு பிடுங்குவது போல ஒரு சத்தம் வந்தது. தேயிலைச் செடிகள் விழவில்லை. நிரை குலையாமல், நின்றபடி நின்று, எல்லாமாகச் சேர்ந்து கீழ்நோக்கி நடக்கத் தொடங்கின. பங்களாக் கூரை ஒருதரம் தூக்கிக் காட்டி மடிந்தது. அவள் பங்களாவைப் பார்க்கவில்லை. நீலத்தைத் தேடினாள். செம்மண்ணைத் தவிர வேறு நிறமே அங்கே இல்லை.

பின்னால் பாலம்மா வந்து நின்றாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரைய எடுத்திருப்பாரு," என்று மட்டும் சொன்னாள்.

மீட்புக்கு வந்த ஆமிக்காரப் பையன்கள் பல நாள் தோண்டினார்கள். கறுப்பையாவை எடுத்தபோது மாத்திரை அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஸ்டோருக்கு ஏறியவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். பூட்டை அறுத்தது பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது அப்படியே நடந்தது.

செல்போனோடு ஒருவன் வந்து படம் பிடித்தான். கஜலட்சுமி தூக்குக்குண்டைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கறுப்பையாவுக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்றும் சொன்னாள். அவன் போட்ட காணொளியில் அது எதுவும் இல்லை. 'கிரகம் பார்த்து மண்சரிவைச் சொன்ன அம்மா' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எங்கிருந்தெல்லாமோ அழைப்பு வந்தது. கனடாவிலிருந்து ஒருவர் வீடு வாங்க நல்ல நாள் கேட்டார். அவள் இலக்கத்தை மாற்றினாள்.

பவாஸ் தன் கடைக்கு மேலே இருந்த அறையைக் காலிசெய்து கொடுத்தார். "உங்கட வாப்பாட இடம் மிஸ். எனக்கிட்ட கேக்க வேணுமா?" என்றார். சன்னலைத் திறந்தால் மகாவலி ஆறு தெரியும். பாலத்து இரைச்சல் நாள் முழுக்க உள்ளே வரும். அவளுடைய சின்னத் தொலைநோக்கி, புத்தகம், அளவுக் குறிப்பு எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. அவளுக்கு அதில் பெரிய துக்கம் வரவில்லை. துக்கப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது.

தை மாதம் தென்னமெரிக்கப் பாலைவன மலையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தொலைநோக்கிக்குப் புதுக் கண்ணாடி பூட்டப் போகிறார்கள். ஆனால் பீடத்தை மாற்றத் தேவையில்லை, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும் என்று புது எஞ்சினியர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பீடத்தில் அவளுடைய பெயரைப் பொறிக்க விரும்புகிறார்கள். விழாவுக்கு வர முடியுமா? அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இறங்கிப் போய், சிமெந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்த பவாஸிடம் சொன்னாள்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பவாஸ் மனதார. கொஞ்சம் யோசித்து, "அந்தப் பீடத்துக்கு எத்தன மூட சிமெந்து போட்டீங்க மிஸ்?" என்று கேட்டார்.

அவள் தோராயமாகச் சொன்னாள். பவாஸ் தலையை ஆட்டி வியந்தார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவள் மேலே ஏறி, நன்றி, வர இயலவில்லை என்று பதில் எழுதினாள்.

அந்த வாரமே அவள் வேலையைத் தொடங்கினாள். கடையிலிருந்து தூக்குக்குண்டுகளும் நூலும் எடுத்துக்கொண்டு ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு லயத்திலும் ஒரு காம்பரா கூரையிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நேர் கீழே ஒரு ஆணி அடித்து வைப்பது. குண்டு ஆணியை விட்டு விலகினால் எல்லோரும் எழும்பிவிட வேண்டும். ஆனால் குண்டைத் தொங்கவிடுவதற்கு முன் அவள் ஒன்று கேட்பாள்.

"எழும்பி எங்க போவீங்க?"

பதில் வராவிட்டால் குண்டு பையிலேயே இருக்கும். பாறை மேல் நிற்கிற கட்டடம் எது என்று சுற்றிப் பார்த்து, அதற்குப் பொறுப்பானவரைத் தேடிப் போவாள். ஒரு பௌத்த விகாரையின் தலைமைப் பிக்கு ஹாமுதுரு, கேட்டு முடிப்பதற்குள் அறநெறி மண்டபத்துச் சாவியின் பிரதியைக் கையில் வைத்தார். ஒரு பள்ளிக்கூட அதிபர் மூன்று தரம் அலைக்கழித்துவிட்டுக் கொடுத்தார். ஒரு துரை, மேடம் பூட்டறுத்த கதை தெரியும் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். சாவி அந்த லயத்திலேயே ஒரு பெண்ணிடம் இருக்கும். குண்டும் சாவியும் என்று சனங்கள் சேர்த்தே சொல்லப் பழகினார்கள். எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஒரு தோட்டத்தில் நல்ல கட்டடமே இல்லை. அங்கே மாத்திரம் திரும்பத் திரும்பப் போனாள். போகிற ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்; அவள் கண்ணைப் பார்க்காமல் கொடுத்தார்கள்.

சித்திரை கழிந்து ஒரு பகலில் பாலம்மா வந்தாள். இப்போது அவள் பிலிமத்தலாவையில் மகள் டிலானியோடு இருந்தாள். மருமகன் அங்கே ஒரு கடையில் வேலை. யாரிடமோ விசாரித்து, இரண்டு பஸ் மாறி, பவாஸின் கடைப் படியேறி வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு நேரே விசயத்துக்கு வந்தாள்.

"அவரு எறங்கிப் போறப்ப நீங்க சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. திரும்பிப் பாத்தாரா?"

கஜலட்சுமிக்கு ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இவள் மனசு ஆறும். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகிய வாய் அது.

"இல்லம்மா. பாக்கல. வேகமாப் போனாரு."

பாலம்மா தண்ணீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "அவரு அப்புடித்தான். ஒரு வேலைன்னா திரும்பிப் பாக்க மாட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா நா நம்பியிருக்க மாட்டேன்."

"நான் அவர நிப்பாட்டியிருக்கணும்."

"நா நிப்பாட்டலியே, நீங்க எப்புடி?" என்றாள் பாலம்மா. அதில் ஆறுதலும் இல்லை, குற்றமும் இல்லை.

கஜலட்சுமி பருப்புக் கறியும் முட்டையும் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, டிலானிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்று பாலம்மா சொன்னாள். செவ்வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டையில் மீன் என்ன விலை, ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, இந்த அறையில் வெக்கை அதிகம் என்று வேறு என்னவோ பேசினாள். வெயில் சாய்ந்ததும் எழுந்தாள்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கஜலட்சுமி கூடப் போனாள். பஸ் வந்ததும் சனம் முண்டியடித்தது. பாலம்மாவின் பையை வாங்கி மேலே கொடுத்து, அவள் உட்கார இடம் கிடைத்ததா என்று வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். கிடைத்திருந்தது. சன்னலோரம். பஸ் கிளம்பும்போது பாலம்மா கையை அசைக்கவில்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி எப்போது வருவீங்க என்று கேட்காமல் விட்டது பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. டெலிபோன் இலக்கமும் வாங்கவில்லை. கஜலட்சுமி பாலத்து ஓரமாகத் திரும்பி நடந்தாள். கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். பவாஸ் இரும்புக் கதவைப் பாதி இறக்கி வைத்துவிட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"விருந்தாளி போயிட்டாங்களா மிஸ்?"

"போயிட்டாங்க."

"சொந்தக்காரவங்களா?"

அவள் பாலத்துப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, நாளைக்கு முதல் பஸ்ஸில் போக வேண்டும், குண்டு கட்ட இன்னும் கொஞ்சம் நூல் வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள்.